செத்தவனுக்கு வழி சொல்லுதல்

மாசகிச்சியின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு மேஸ்திரி தொகுனாகா நிமிர்ந்தார்.

"மூச்சு இருக்கு," என்றார்.

மாசகிச்சியின் தலை அவன் தங்கை இவாவின் மடியில்தான் இருந்தது. பின்மண்டையைத் தாங்கியிருந்த அவளுடைய உள்ளங்கைக்குத் தெரிந்தது, மேஸ்திரியின் காதுக்குத் தெரியாமல் போக வழியில்லை.

"எங்க இருக்கு மூச்சு?" என்றாள் தோமே. சுரங்கத்தின் பக்கத்து அறையில் கரி இழுப்பவள். சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்து, கல்லைப் புரட்டி, மாசகிச்சியை வெளியே இழுத்தவள் அவள்தான். "எனக்கும் கொஞ்சம் காட்டுங்க மேஸ்திரி. இந்த இருட்டுல என்னென்னமோ பார்த்திருக்கேன். மண்டை இப்படிப் போனவன் மூச்சு விட்டுப் பார்த்ததில்ல."

"வாய மூடு தோமே."

"மூடுறேன். மொதல்ல அவன் கண்ண மூடுங்க."

மேஸ்திரி மூடவில்லை. மூடினால் செத்துவிட்டதாக ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

ஜப்பானில் அரிசி விலை ஏறி அரிசிக் கலவரம் நடந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த நேரம் அது. ஓங்கா ஆற்றோரத்துக் கரிச் சுரங்கங்களில் ஆணும் பெண்ணும் ஜோடியாகத்தான் இறங்குவார்கள். ஆண் முன்னால் உட்கார்ந்து பிக்காசால் கரியை வெட்டுவான். பெண் அதை வாரிச் சறுக்குக் கூடையில் போட்டு, தண்டவாளம் தொடங்கும் இடம்வரை தவழ்ந்தபடி இழுத்து வருவாள். பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியும். மாசகிச்சியின் மனைவி சுமாவுக்குக் கைக்குழந்தை. அதனால் தங்கை இவா அவனுக்குப் பின்னால் இழுத்தாள்.

கரி வெட்டும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிட மாட்டார்கள். வீட்டுக்குத் தூண் விடுவதுபோல, இடையிடையே கரியையே பெரிய தூண்களாக விட்டுக்கொண்டு போவார்கள். மேலே இருக்கும் மலையைத் தாங்குவது அவைதான். ஒரு பகுதி முழுக்க வெட்டித் தீர்ந்த பிறகு, கடைசியாக, உள்ளேயிருந்து வாசலை நோக்கிப் பின்வாங்கியபடி அந்தத் தூண்களையும் வெட்டி எடுப்பார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே வீட்டுத் தூணை அறுக்கிற வேலை. தூண் போன இடத்தில் மரத்தை நிறுத்தி முட்டுக் கொடுப்பதால்தான் அந்த வேலையைச் செய்ய முடிகிறது.

முட்டுக்குப் பைன் மரம்தான் வேண்டும். ஓக் அதைவிட உறுதியானது. ஆனால் ஓக் கடைசி நொடிவரை வாயைத் திறக்காமல் தாங்கிவிட்டுப் படாரென்று முறியும். பைன் அப்படியில்லை. பாரம் ஏற ஏற அதன் நார்கள் ஒவ்வொன்றாக அறும். அறும்போது கிர்ர்... கிர்ர்... என்று அழும். அந்த அழுகைக்கும் முறிவுக்கும் நடுவில், பிக்காசைப் போட்டுவிட்டு ஓட ஒருவனுக்கு நேரம் கிடைக்கும். ஒரு மரம் மலையைத் தாங்கிவிடாது என்று எல்லோருக்கும் தெரியும். அழாமல் முறியாது என்ற நம்பிக்கையில்தான் உள்ளே போனார்கள்.

அந்த வசந்தகாலத்திலிருந்து கம்பெனி புது மரம் வாங்குவதை நிறுத்தியிருந்தது. கைவிட்ட பகுதிகளிலிருந்து பழைய முட்டுகளைப் பிடுங்கிவந்து மறுபடி நட்டார்கள். ஒருமுறை பாரம் சுமந்த பைனின் நார்கள் உள்ளுக்குள் ஏற்கெனவே அறுந்திருக்கும். அழ வேண்டியதையெல்லாம் அது முன்பே அழுது தீர்த்திருக்கும். அப்படிப்பட்ட மரத்தை ஊமை என்பார்கள். மாசகிச்சியின் தலைக்கு மேலிருந்த முட்டுகள் எல்லாமே ஊமைகள். கூடையை இழுத்துக்கொண்டு இவா கொஞ்ச தூரம்தான் போயிருந்தாள். அவளுக்குக் கேட்டது கல் விழுந்த சத்தம் மட்டும்.

மேஸ்திரி ஏன் மூச்சு இருக்கிறது என்றார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவன் குழிக்குள் செத்தால், சுரங்க இன்ஸ்பெக்டர் வந்து அந்த இடத்தைப் பார்க்கும்வரை அந்தப் பகுதியில் யாரும் பிக்காசை ஓங்கக் கூடாது. என்ன முட்டு, எத்தனை அடிக்கு ஒன்று என்று கேள்வி வரும். அதே ஆள் மேலே, கம்பெனி ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்தால் ஒரு கேள்வியும் இல்லை. அதனால் அந்தக் குழிக்குள் யாரும் சாவதே கிடையாது. கழுத்து முறிந்தவன், கருகியவன், எல்லோரும் உயிரோடுதான் மேலே வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசற்படியைத் தாண்டியதும் செத்தார்கள்.

"உலகத்துலயே பத்திரமான குழி நம்மளோடது. உலகத்துலயே ஆபத்தான எடம் நம்ம ஆஸ்பத்திரி," என்பாள் தோமே.

மேலே அடுத்த ஷிப்ட் காத்துக்கொண்டிருந்தது. மாசகிச்சியை 'உயிரோடு' கொண்டுபோய்விட்டால், அவன் வெட்டிய அதே தூணுக்கு, மிச்சமிருக்கும் ஊமை மரங்களுக்கு அடியில், வேறொரு ஜோடி வந்து உட்காரும்.

இவாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. குழிக்குள் செத்தவனின் உயிர், விழுந்த இடத்திலேயே இருட்டில் திகைத்து நிற்கும். உடம்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் அது தானாக மேலே வராது. பாதைகள் கிளை கிளையாகப் பிரிகின்றன, உயிருக்குக் கையில் விளக்கும் இல்லை. அதனால் உடம்போடு போகிறவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இது இந்த இடம், இப்படித் திரும்புகிறோம், கூடவே வா என்று வழி சொல்ல வேண்டும். அதைக் கேட்கிறவர்கள் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வழி சொல்லாமல் விட்டால் அந்த உயிர் அங்கேயே தங்கி, கூலியில்லாமல் காலம் முழுக்கக் கரி வெட்டிக்கொண்டிருக்கும். கம்பெனிக்கு அதில் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

உயிரோடு இருக்கிறவனுக்கு யாரும் வழி சொல்வதில்லை. சொன்னால், செத்துவிட்டான் என்று ஊருக்கு அறிவித்ததாக அர்த்தம். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செத்த அத்தனை பேரும் வழி சொல்லப்படாமல்தான் போயிருந்தார்கள்.

மேஸ்திரி இவாவின் பக்கத்தில் குந்தினார். அவரும் ஒரு காலத்தில் பிக்காசு பிடித்தவர்தான். கரி ஏறி நீலமாகிப்போன தழும்பு ஒன்று அவர் காதுக்கு மேலே இருந்தது.

"சொன்னா கேளு புள்ள," என்றார் தணிந்த குரலில். "ஒங்க அண்ணி பச்சக் கொழந்தையோட கம்பெனி வீட்டுல இருக்கா. இவன் ஆஸ்பத்திரில போனான்னா, அந்த வீட்ட விட்டுவெக்கச் சொல்லி நானே பேசுறேன். நீ வழியில கூப்பாடு போட்டேன்னு வெச்சுக்க, பாயும் பானையும் தெருவுல கெடக்கும். ஒன் அண்ணன் அதையா விரும்புவான்?"

"அவரையே கேளுங்களேன்," என்றாள் இவா. "மூச்சுதான் இருக்கே."

தோமே சிரித்தாள். சிரிப்பா, விக்கலா என்று சொல்ல முடியாத ஒன்று.

அவனைத் தூக்கிக் கரி வண்டியில் கிடத்தும்போது இவா குனிந்து அவன் காதில், "அண்ணே, கெளம்புறோம். எந்திரிச்சு வாங்க," என்றாள். காயம்பட்டவனுக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று மேஸ்திரி விட்டுவிட்டார். மூன்றாம் பிரிவின் நீளம் முழுக்க வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இவாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

சரிவின் அடிக்கு வந்தார்கள். அந்தக் குழி கிணறுபோல நேராக இறங்குவதில்லை. மலையின் வயிற்றுக்குள் சரிவாக இறங்குகிறது. அதிலிருந்து பக்கவாட்டில் பிரிவுகள் கிளைக்கின்றன, முதல் பிரிவு மேலே, மூன்றாவது அடியில். சரிவின் உச்சியில், வெளியே, நீராவி எஞ்சின் சுற்றும் பெரிய உருளை ஒன்று இருக்கிறது. அதில் சுருட்டிய இரும்பு வடம்தான் தண்டவாளத்தில் வண்டிகளை ஏற்றுவதும் இறக்குவதும். எஞ்சினை ஓட்டும் கென்ஜூவுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. அவருக்கு இருப்பதெல்லாம் தலைக்கு மேல் தொங்கும் ஒரு மணி. சரிவுச் சுவரோடு உச்சியிலிருந்து அடிவரை ஓடும் கம்பியை எந்த இடத்தில் பிடித்து இழுத்தாலும் அந்த மணி அடிக்கும். ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு, ஏற்று. மூன்று, இறக்கு. நான்கு என்றால் காயம்பட்டவன் வருகிறான், வேகமாக ஏற்று. ஐந்து என்றால் பிணம், நடை வேகத்தில் ஏற்று. வழி சொல்கிறவர்கள் பக்கத்தில் நடந்து வர வேண்டுமே.

இரண்டு முதல் ஐந்துவரை அடிக்க மேஸ்திரிகளுக்குத்தான் உரிமை. அந்த ஒன்றை மட்டும் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். வடத்தில் இழை அறுந்திருப்பதையோ, தண்டவாளத்தில் ஒரு கால் மாட்டியிருப்பதையோ யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் இழுப்பார்கள். இழுத்தது யார், எதற்கு என்று எஞ்சின்காரர் யோசிக்கக் கூடாது. யோசித்த எஞ்சின்காரர்கள் ஆட்களைக் கொன்றிருக்கிறார்கள். ஒற்றை மணி அடித்தால் நிறுத்த வேண்டும். அதற்கு மறுபேச்சு கிடையாது.

மேஸ்திரி நான்கு இழுத்தார்.

வடம் விறைத்தது. வண்டி உதறிக்கொண்டு கிளம்பியது. இவா உள்ளே அண்ணனின் தலையை மடியில் வைத்திருந்தாள். மேஸ்திரி பின்னால் தொற்றிக்கொண்டார். தோமே, யாரும் கூப்பிடாமலே, முன்பக்கம் தாவி ஏறினாள். காற்று முகத்தில் அறைந்தது. இந்த வேகத்தில் யார் என்ன கத்தினாலும் ஒரு பிரிவில் தொடங்கிய பெயர் அடுத்த பிரிவில்தான் முடியும்.

சுவரில் கம்பி, கை எட்டும் தூரத்தில் கூடவே ஓடியது.

இவா அதைப் பார்த்தாள். தெருவில் கிடக்கப்போவது அவளுடைய பாய் இல்லை. அண்ணியின் பாய், அண்ணியின் பானை. அதைத் தெருவில் எறியவைக்க இவளுக்கு என்ன உரிமை? குழந்தைக்கு இன்னும் கழுத்துகூட நிற்கவில்லை. பேசாமல் போனால் வீடு மிஞ்சும். இன்று மாலையே அந்தத் தூணடியில் வேறு ஒருத்தி தன் ஆளுக்குப் பின்னால் கூடையோடு குந்தியிருப்பாள். அண்ணனும் அங்கேதான் நிற்பான், அவளுக்கு எதுவும் சொல்ல முடியாமல்.

பம்ப் அறையின் விளக்கு தெரிந்தது. இவா கையை நீட்டிக் கம்பியை இழுத்தாள். ஒரே ஒரு முறை.

வண்டி குலுங்கி நின்றது.

"என்ன? என்ன ஆச்சு?" மேஸ்திரி தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார்.

இவா வண்டிக்குள் எழுந்து நின்றாள். "அண்ணே! மாசகிச்சி அண்ணே! இது பம்ப் அறை! தண்ணி வழுக்கும், பார்த்து வாங்க! நேரா மேல ஏறுறோம், பின்னாலயே வாங்க!"

பம்ப் ஓட்டுகிறவன் வெளியே வந்தான். வண்டியைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் தலைத்துண்டை அவிழ்த்தான்.

"பைத்தியமா ஒனக்கு!" மேஸ்திரி கம்பியைப் பிடித்து மறுபடி நான்கு இழுத்தார். வண்டி கிளம்பியது. "உயிரோட இருக்கிறவனுக்குச் சாவுக் கூப்பாடு போடுறியே, வெளங்குமா?"

"உயிரோட இருந்தா எந்திரிச்சு என்னைத் திட்டட்டும்."

இரண்டாம் பிரிவு நெருங்கியது. இவா கையை நீட்டுமுன் மேஸ்திரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உடனே ஒற்றை மணிக்கு வண்டி நின்றது. முன்னால் நின்ற தோமேயின் கை கம்பியில் இருந்தது.

"பொண்ணு கையைப் பிடிக்கிறதெல்லாம் வீட்டுல வெச்சுக்கங்க மேஸ்திரி," என்றாள். "இங்க எல்லாரும் வெளக்கோட நிக்கறாங்க."

நிஜமாகவே நின்றார்கள். பம்ப் அறையில் இவா போட்ட சத்தம் அவர்களுக்கு முன்னாலேயே இங்கு வந்துவிட்டிருந்தது. சரிவுக் குழி ஒரு நீண்ட குழாய்தானே. அடியில் ஊதினால் நுனிவரை போகும். கரி அப்பிய முகங்கள், இடுப்புத் துணியோடு பெண்கள், பிக்காசோடு ஆண்கள். மேஸ்திரி இவாவின் கையை விட்டார்.

"அண்ணே! இது ரெண்டாம் பிரிவு! உள்ள திரும்பிடாதீங்க, அது நம்ம வழி இல்ல! மேல வாங்க!"

துண்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. யாரோ ஒருத்தி, "யாருக்கு?" என்று கேட்டாள். "மாசகிச்சிக்கு. மூணாம் பிரிவு, தூண் வெட்டுற எடம். எல்லாம் ஊமை மரம்," என்று தோமே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

மேஸ்திரி மூன்றாம் முறை நான்கு இழுத்தார். இந்த முறை வண்டி வேகமெடுக்கவில்லை. மேலே கென்ஜூ நாற்பது வருஷமாக மணிச் சத்தத்தை மட்டும் வைத்து இந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். நான்கு, பிறகு ஒன்று. நான்கு, பிறகு ஒன்று. நின்ற இடங்கள் ஒவ்வொன்றும் வழி சொல்லும் இடம். அதற்குமேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்கு மணிக்கு ஐந்து மணியின் வேகத்தில் இழுத்தார்.

"வேகமா இழுய்யா!" என்று மேஸ்திரி இருட்டைப் பார்த்துக் கத்தினார். அது யாருக்கும் கேட்காது என்று அவருக்கே தெரியும்.

இரண்டாம் பிரிவுக்காரர்கள் வண்டியின் இரு பக்கமும் நடந்து வந்தார்கள். முதல் பிரிவை நெருங்கும்போது இவா கையை நீட்டவில்லை, தோமேயும் நீட்டவில்லை. ஆனாலும் மணி அடித்தது, வண்டி நின்றது. பிரிவின் வாசலில் நின்ற ஒரு பெண் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். இவாவுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது.

"மாசகிச்சி!" என்று அந்தப் பெண் கூப்பிட்டாள். "இது முதல் பிரிவு! இன்னும் கொஞ்சம்தான், ஏறி வா!"

அவளுக்குப் பின்னாலிருந்து ஆண் குரல்களும் எழுந்தன. மேஸ்திரி கம்பியைத் தொடவில்லை. மணி இல்லாமலே கென்ஜூ வடத்தை இழுக்கத் தொடங்கினார்.

வெளியே பிற்பகல் வெயில். குழி வாசலில் மேனேஜர் நின்றார், ஸ்ட்ரெச்சரோடு ஆஸ்பத்திரி ஆட்கள் இருவர் நின்றார்கள். ஒதுக்குப்புறமாக அடுத்த ஷிப்ட், விளக்கும் சோற்றுப் பெட்டியுமாக. எல்லோருக்கும் முன்னால், உள்ளிருந்து கேட்ட பெயருக்கு ஓடிவந்து, குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு சுமா.

வாசலுக்குக் கொஞ்சம் உள்ளேயே வண்டி நின்றது. இன்னும் ஒரு அழைப்பு பாக்கி. இவா வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது, அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் மிச்சமும் போயிற்று.

"அண்ணி," என்றாள், கரகரவென்று. "வீடு போயிடும்."

சுமா வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கணவனின் கண்களை மூடினாள்.

"போகட்டும்," என்றாள். "வீடா அது? மழைக்கு ஒழுகுற கோழிக்கூண்டு." பிறகு நிமிர்ந்து, வண்டியைத் தாண்டி, பின்னால் இருந்த இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏங்க! வாசல் வந்துடுச்சு! வெளிச்சம் கண்ணக் கூசும், பயப்படாம வாங்க! நானும் கொழந்தையும் இங்கதான் நிக்கறோம்!"

வடம் வண்டியை மெல்ல வெயிலுக்கு இழுத்துவந்து நிறுத்தியது. அடுத்த ஷிப்ட் முழுவதும் துண்டை அவிழ்த்தது.

மேஸ்திரி தொகுனாகா தலையில் துண்டு கட்டுவதை விட்டுச் சில வருஷம் ஆயிற்று. கம்பெனி முத்திரை வைத்த தொப்பிதான் போடுவார். அந்தத் தொப்பி இப்போது அவர் கையில் இருந்தது. எப்போது எடுத்தோம் என்று அவருக்கே தெரியாது. சுமா கூப்பிட்டதும் கை தானாக மேலே போயிருந்தது. வாலிபத்தில் எத்தனை பேருக்கோ அப்படிப் போன கை அது.

மேனேஜர் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"யாருக்கு மேஸ்திரி தொப்பியக் கழட்டுனீங்க?" என்றாள் தோமே.

அவர் அவசரமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டார். "வேர்த்துச்சு."

"பாருங்களேன், நம்ம எல்லாருக்கும் ஒரே நேரத்துல வேர்த்திருக்கு."

"போதும்!" மேனேஜர் கையைத் தட்டினார். அபசகுனம் என்று குழி வாசலில் யாரும் கை தட்டமாட்டார்கள். ஷிப்டில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். "காயம்பட்டவன ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க. அடுத்த ஷிப்ட் எறங்கட்டும்."

ஸ்ட்ரெச்சர்காரர்கள் இரண்டு அடி வைத்தார்கள். அதற்குமேல் வைக்க இடமில்லை. வண்டியைச் சுற்றி ஷிப்ட் நின்றது. யாரும் அவர்களைத் தள்ளவில்லை, திட்டவில்லை. நகரவும் இல்லை. இவா இறங்கி, வண்டிக்கு முன்னால் தண்டவாளத்தில் உட்கார்ந்தாள். சுமா பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள்.

"எறங்குங்கன்னு சொன்னேன்!"

"வண்டி நடுவுல நிக்குதுங்களே," என்றான் ஷிப்டில் ஒருவன், மிகப் பணிவாக.

"வண்டிய நகர்த்துங்க!"

"உள்ள ஆள் இருக்கே. காயம்பட்டவரக் குலுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க."

மேனேஜர் போலீஸுக்கு ஆள் அனுப்பினார்.

போலீஸ்காரர் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வர வேண்டும். வெயில் மெல்லச் சாய்ந்தது. கீழே இருந்தவர்கள் கால்நடையாகவே சரிவில் ஏறி வந்து கூட்டத்தில் சேர்ந்தார்கள். தோமே யாருடைய சோற்றுப் பெட்டியையோ பிடுங்கி, உப்பில் ஊறிய பிளம் பழம் வைத்த சோற்று உருண்டை ஒன்றைச் சுமாவின் கையில் திணித்தாள். "தின்னு. பால் குடுக்கறவ பட்டினி கெடந்தா, அதுக்கும் கம்பெனிக்குத்தான் லாபம்." சுமா தின்றாள். மாசகிச்சியின் முகத்தில் ஈ உட்காரும்போதெல்லாம் யாராவது ஒருவர் துண்டால் விசிறினார்கள்.

வந்த போலீஸ்காரர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. சைக்கிள் மிதித்துக் களைத்திருந்தார். சீக்கிரம் திரும்பிப் போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு எந்தப் பக்கமும் இல்லை.

"என்ன கலாட்டா?"

"காயம்பட்ட ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடமாட்டேங்கறாங்க இந்தப் பொம்பளைங்க," என்றார் மேனேஜர்.

போலீஸ்காரர் வண்டிக்குள் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "எப்பலேர்ந்து இங்க இருக்கார்?"

"மத்தியானத்துலேர்ந்து."

"டாக்டர் வந்து பார்த்தாரா?"

ஆஸ்பத்திரியின் ஓட்டுக்கூரை அங்கிருந்தே தெரிந்தது. டாக்டரைக் கூப்பிட்டு அனுப்ப மேனேஜருக்குத் தோன்றாமல் இல்லை. இத்தனை பேர் நடுவில் டாக்டர் வந்து நாடி பார்த்தால் என்ன சொல்வார் என்றும் தோன்றியிருந்தது.

"கல்லெறியற தூரத்துல இருக்கிற டாக்டர் ஏன் வரல?" போலீஸ்காரர் எரிச்சலோடு கேட்டார். "நான் போய் ஏதாவது ஒண்ணு சொல்லணும் சார். இவர் உயிரோட மேல வந்தார்னா, வைத்தியமே பார்க்காம இவ்வளவு நேரம் வெயில்ல போட்டு வெச்சது நீங்க. செத்துத்தான் மேல வந்தார்னா அது வேற கதை. எது?"

குழந்தை பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"...இறந்துதான் வந்தார்," என்றார் மேனேஜர்.

"எங்க இறந்தார்? கூட வந்தது யாரு?"

கூட்டம் தானாக விலகி மேஸ்திரி தொகுனாகாவைத் தனியாக நிறுத்தியது. அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஆற்றைப் பார்த்தார்.

"கீழ," என்றார் மேஸ்திரி.

"சத்தமா, மேஸ்திரி," என்றாள் இவா. குரல் இன்னும் திரும்பவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "நான் அவ்வளவு கத்தினேன், நீங்க ஒரு வார்த்தை கத்தக் கூடாதா?"

"கீழ! மூணாம் பிரிவு, கடைசித் தூண்!"

போலீஸ்காரர் தலையாட்டினார். இன்ஸ்பெக்டருக்குத் தந்தி கொடுக்க வேண்டும், அவர் வந்து பார்க்கும்வரை மூன்றாம் பிரிவுக்குள் யாரும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். ஷிப்ட் ஆட்கள் விளக்குகளை அணைத்தார்கள். நாலு பேர் மாசகிச்சியை வண்டியிலிருந்து தோளுக்குத் தூக்கினார்கள். சுமா முன்னால் நடந்தாள்.

மேனேஜர் இவாவின் எதிரே வந்து நின்றார். "நாளையிலேர்ந்து ஒனக்கு இந்தக் குழியில வேலை கெடையாது. அந்த வீட்டையும் காலி பண்ணுங்க."

"காலி பண்றோம்," என்றாள் இவா. "ஆனா நாளைக்கு இல்ல. இன்ஸ்பெக்டர் வந்தா எடத்தக் காட்ட ஆள் வேணும். காட்டிட்டுத்தான் போவேன்."

"அதுக்கு மேஸ்திரி இருக்கார்."

"தாராளமா வரட்டும்." அவள் தண்டவாளத்திலிருந்து எழுந்து, முழங்காலில் ஒட்டிய கரித்தூளைத் தட்டினாள். "அவரே முன்னால நடக்கட்டும். நான் பின்னால வர்றேன். எங்கயாவது மறந்துட்டார்னா ஞாபகப்படுத்துறேன்."